பையில் கட்டிய மணி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. உனக்கு அந்த இருமல் விட்டதா? உப்புக்காற்று நெஞ்சுக்கு ஆகாது என்று சொன்னால் நீ கேட்டால்தானே.

முதலில் நல்ல சேதி. லீவு கிடைத்துவிட்டது. மே கடைசியிலிருந்து ஆறு வாரம். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கடலோரமா ஆறு வாரம் நடக்கப் போறியா? எதுக்கு?" என்று கேட்டார். இத்தனை வருஷமாக இந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி தேய்த்துக் கொடுத்தேன், என் கண்ணுக்கு எதிரே இருந்தது சுவர்தான் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லீவு போயிருக்கும்.

கடலை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன் என்றால் கடைக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை. நீயோ அதன் வாசலிலேயே குடித்தனம் செய்கிறாய். பத்து வருஷமாக வா வா என்று எழுதுகிறாய். இந்த முறை வந்தே தீருவேன். உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஒரு பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு தினமும் மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். உன் அத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "வீட்டு மூட்டையத் தூக்குறது பத்தாதா உனக்கு?" என்கிறார்.

நீ கேட்ட புதுக் கண்ணாடியை நானே தேய்த்து இத்துடன் அனுப்புகிறேன். ஒரே வருஷத்தில் இரண்டாம் தடவையாகப் பவரை ஏற்றச் சொல்கிறாய். டவுனுக்கு வந்து டாக்டரிடம் காட்டு என்றால் லீவு இல்லை, படகு இல்லை என்று சாக்குச் சொல்கிறாய். கழுத்தில் மாட்ட ஒரு கயிறு பின்னி, அதில் இரண்டு தக்கை கோத்திருக்கிறேன். உன் கையில் எதுவும் நிற்காது. கடலில் விழுந்தாலும் மிதக்கட்டும். என் விலாசம் எழுதிய உறைகள் ஒரு கட்டு கேட்டிருந்தாய், அதுவும் வைத்திருக்கிறேன். விலாசம் எழுதக்கூடச் சோம்பலா?

உன் எழுத்து ஏன் இப்படிக் கொழுத்துவிட்டது? ஒரு பக்கத்துக்கு எட்டு வரிகூட இல்லை. தாள் என்ன சும்மாவா கிடைக்கிறது?

இருமலுக்கு வெந்நீர் குடி.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் கண்ணாடியும் ஒரே படகில் வந்து சேர்ந்தன. இருமல் போய்விட்டது. அத்தானைக் கேட்டதாகச் சொல். கண்ணாடி அருமை. கழுத்தில் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

லீவு கிடைத்ததைப் படித்ததும் இங்கே ஒரு ஆட்டமே போட்டேன். பார்க்க ஆள் யார்? நானும் சமையல் மாஸ்டரும் மட்டும்தான். காலையும் மாலையும் தண்ணீருக்குள் நிற்கும் அளவுக் கம்பத்தில் கடல் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து, தலைமை அலுவலகத்துக்கு ஒயர்லெஸ்ஸில் சொல்வது என் வேலை. எனக்குச் சாப்பாடு போட்டு உயிரோடு வைத்திருப்பது அவர் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சாமான் படகு வந்தால்தான் மூன்றாவது முகம். சேர்த்து வைத்த லீவை எல்லாம் உன் ஆறு வாரத்துக்கு வைத்திருக்கிறேன், கம்பத்தை மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

வழியைச் சொல்கிறேன். நீ படகில் இங்கே வந்து இறங்குகிறாய். முதல் இரண்டு நாள் வெறும் மணல், குழந்தைகூட நடக்கும். அடுத்து முனை வரும். அங்கே மலை நேராகக் கடலில் இறங்கி நிற்கிறது. தண்ணீர் வற்றும்போது மட்டும் அடியில் ஒரு ஆள் போகும் அகலத்துக்குப் பாறை வெளியே வரும். மறுபடி ஏறுவதற்குள் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். நடுவில் மாட்டினால் மேலே ஏற வழி கிடையாது. பயப்படாதே. தண்ணீரின் நாடி எனக்குத் தெரியும். முனையைத் தாண்டினால் ஒரு குடில், மண் பாதை முடியும் இடத்தில். அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒரு விளக்கு, ஒரு வீடு கிடையாது. கடலும் நாமும்தான்.

பை வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறமாகப் பார்த்து வாங்கு. அதில் ஒரு சின்ன மணியும் கட்டிக்கொள். மூடுபனி வந்தால் ஆள் இருப்பது தெரியாது, அதற்காகச் சொல்கிறேன். நீ முன்னால் நட, நான் பின்னால் வருகிறேன்.

உன் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. இங்கே விளக்கு வெளிச்சம் மட்டம். கெட்டி மையில் பெரிசாக எழுது.

முழங்காலுக்குத் தைலம் போடு.

உன் தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம். அங்கேயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். போதுமா எழுத்து? இந்த மை கடைப் பலகைக்கு எழுதுவது. ஒரு கடிதத்துக்கு அரைப் புட்டி காலியாகும்போல் இருக்கிறது.

மணியா? நான் என்ன மேயப் போகிறேனா? உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்குத் தோணலையே. உன் தம்பி புத்திசாலி" என்றார். அன்று முழுக்க அவர் காபியில் நான் சர்க்கரை போடவில்லை. ஆனாலும் வாங்கிவிட்டேன். சின்னதுதான், சத்தம் பெரிது. பை சிவப்பு. அடுத்த தெருவிலிருந்து பார்த்தாலும் தெரியும். அதை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

இன்னொன்றும் உறைக்குள் இருக்கிறது. கடையில் சுவரில் மாட்டும் எழுத்து அட்டையின் சின்னப் பிரதி. அதைக் கதவில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று படி. கடைசியாக எந்த வரி தெரிகிறதோ அதை எழுதி அனுப்பு. நீ டாக்டரிடம் போகாவிட்டால் டாக்டர் தபாலில் வருவார். கிட்டே போய்ப் படித்து ஏமாற்றாதே. இந்தத் தொழிலில் நான் பார்க்காத பொய்யா? கண் தெரியாத ஆளை நாற்காலியில் உட்காரும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

இரண்டு கேள்வி. நடைக்கு உயரமான பூட்ஸா, சாதாரணமா? குடிதண்ணீர் எங்கே கிடைக்கும்? மறக்காமல் பதில் எழுது.

இப்போதெல்லாம் தூங்குவதற்கு முன்னால் அந்தக் கரையை நினைத்துப் பார்க்கிறேன். பார்க்காத இடத்தை எப்படி நினைப்பது? தினமும் ஒரு மாதிரி வருகிறது. சிரிக்காதே, சந்தோஷமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். அத்தானும் நீயும் சண்டை போடாமல் இருக்கிறீர்களா?

இனிமேல் தட்டச்சில்தான் எழுதப்போகிறேன். அலுவலகத்து மூலையில் பழைய மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தட்டச்சுக்காரன்தானே. விரல் இன்னும் மறக்கவில்லை. என் எழுத்து கொழுத்தது, இளைத்தது என்று நீ குறை சொல்ல வேண்டாம் பார்.

உன் அட்டையைக் கதவில் ஒட்டிப் படித்துவிட்டேன். கடைசி வரி: ப, ட, ம, ய, ல, ற. போதுமா டாக்டரம்மா?

போட்டோ நன்றாக வந்திருக்கிறது. பை உனக்குப் பொருத்தம். உயரமான பூட்ஸ்தான் வேண்டும், கணுக்காலைப் பிடித்து நிற்கும். முனையின் பாறை வழுக்கும். எங்கே காலை வைக்க வேண்டும் என்று நான் சொல்வேன், நீ பார்த்துப் பார்த்து வை.

இங்கே கடல் நிறம் மாறும் காலம் இது. காலையில் ஒரு நிறம், வெயில் ஏறினால் ஒரு நிறம். வேறு யாரோடும் இதைப் பார்க்கத் தோன்றவில்லை. உன்னோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

முழங்கால் எப்படி?

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள கழுகுக்கு,

ஆமாம், கழுகுதான். முழங்கால் சரியாகிவிட்டது. கடைசி வரியா! எனக்கே அந்த வரி தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. கடையில் எல்லாரிடமும் உன் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி தேய்த்த கை யாருடைய கை என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் கல்லாவைத் துடைத்தார். இரண்டு மாதமாக எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. உன் கடிதம் அதைத் துடைத்துவிட்டது.

ஆனால் ஒரு வருத்தம். போட்டோவில் எனக்குப் பின்னால் உன் அத்தான் இன்னொரு பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாரே, அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ? உன்னைச் சிரிக்க வைக்கத்தான் அந்தக் கூத்து. "அவன் பாக்கவே இல்ல போல" என்று சொல்லிவிட்டு நாலு நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன், அதற்கும் பதில் இல்லை. என் கடிதத்தை நீ படிக்கிறாயா, இல்லை யாராவது சாரம் மட்டும் சொல்கிறார்களா?

சும்மா சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. பூட்ஸ் வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகுகிறேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உடம்பு பத்திரம்.

உன் அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். தண்ணீர் வழியில் நாலைந்து ஓடைகளில் கிடைக்கும், கவலை வேண்டாம்.

திட்டத்தில் ஒரு சின்ன மாறுதல். தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர் ஒருவர் நான் சொல்லும் எண்களில் குறை கண்டிருக்கிறார். கம்பம் சாய்ந்திருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்பிப் பார்க்கப் போகிறார்களாம். எப்போது என்று தெரியாது. இந்தக் கெடுபிடியில் நீ இங்கே வந்தால் அசௌகரியம். அதனால் உனக்கு வாங்கி வைத்திருந்த படகு அனுமதிச் சீட்டை ரத்து செய்துவிட்டேன்.

நீ படகில் வர வேண்டாம். குடில் வரைக்கும் வாரம் ஒரு ஜீப் போகிறது. மே இருபத்தைந்தாம் தேதி அதில் வந்து குடிலில் தங்கு. படகு இருபத்திரண்டாம் தேதி வரும். புது பேட்டரியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு நான் இருபத்துநாலாம் தேதி கிளம்பி, முனையைத் தாண்டி இருபத்தாறாம் தேதி உன்னிடம் வந்துவிடுவேன். உனக்கும் முனையைத் தாண்டும் பயம் மிச்சம்.

தனியாக வருகிறானே என்று நினைக்காதே. அந்த முனையை எத்தனையோ தடவை தாண்டியவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். மணியை மட்டும் மறந்துவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


மே 11

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் உட்கார். எங்கேயும் போகாதே.

இன்று காலை உன் உறை கடைக்கு வந்தது. பிரித்தால் இரண்டு வெள்ளைத் தாள். திருப்பினேன், உறையை உதறினேன், ஒன்றும் இல்லை. கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். பிறகு விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கதவைச் சாத்தி, கீறல் பார்க்கும் விளக்கைத் தாளுக்குச் சாய்வாக வைத்தேன். எழுத்தெல்லாம் இருந்தது. வரி வரியாக, அழுத்தமாக, ஒரு துளி மை இல்லாமல். உன் மெஷினில் ரிப்பன் காய்ந்துவிட்டது. இரண்டு பக்கம் தட்டி முடிக்கும் வரைக்கும் உனக்கு அது தெரியவில்லை. தாளை உருவி மடித்து உறையில் போட்டபோதும் தெரியவில்லை.

என்ன எழுதியிருந்தாய் என்று சொல்கிறேன். மூட்டை கட்டியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். மாஸ்டர் உனக்குத் தொப்பி தைத்துக் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். "நீ முன்னால் நடந்துகொண்டே, பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வா, நான் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் விளக்கை அணைத்துவிட்டேன்.

கொழுத்த எழுத்து. கெட்டி மை. விலாசம் எழுதிய உறை. சிவப்புப் பை, மணி. எல்லாவற்றையும் என் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாய். நானும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல் செய்தேன். தபாலில் கண்ணைச் சோதித்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். கடைசி வரி உனக்குத் தெரிந்ததும் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்; நான் கடை முழுக்கக் காட்டிப் பெருமை அடித்தேன். அந்த அட்டையை யார் உனக்குப் படித்துக் காட்டியது?

நடுப்பார்வை போய் ஓரப்பார்வை மட்டும் மிச்சமிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடமாடுவார்கள், காபி போடுவார்கள், பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. எழுத்தும் எண்ணும் முகமும்தான் தெரியாது. அதற்குக் கண்ணாடி உதவாது என்றும் எனக்குத் தெரியும். நான் தேய்த்து அனுப்பியதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அருமை என்று எழுதினாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். சொன்னால் நடையை நிறுத்திவிடுவேன் என்று பயந்தாய். அது சரிதான், நிறுத்தியிருப்பேன்.

தலைமை அலுவலகத்துக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் ஒயர்லெஸ்ஸில் உன்னைத் தடுத்துவிடுவார்கள். வாசல் வரைக்கும் போனேன். கம்பத்தைப் பார்க்க முடியாதவன் கம்பம் பார்க்கும் வேலையில் இருக்கிறான் என்று உன் அக்காவே சொல்வதா? அன்றோடு உன் வேலை போகும். திரும்பி வந்துவிட்டேன். சீட்டு இல்லாமல் படகில் என்னையும் ஏற்ற மாட்டார்கள். இந்தக் கடிதம் இருபத்திரண்டாம் தேதிப் படகில் வந்துவிடும், நீ கிளம்ப அதற்குப் பிறகு இரண்டு நாள் இருக்கிறது. அது போதும்.

தனியாக முனையைத் தாண்டாதே. அதே படகில் ஏறி இங்கே வா. டாக்டரிடம் போவோம். நடை எங்கேயும் ஓடிவிடாது. நான் முன்னால் நடக்கிறேன், வாய் ஓயாமல் சொல்கிறேன், நீயே போதும் நிறுத்து என்பாய். கடிதம் ஒருவேளை தவறிவிட்டால் என்ன செய்வது என்று, இருபத்தைந்தாம் தேதி நான் குடிலில் இருப்பேன்.

மாஸ்டர், இதை நீங்கள்தான் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வரிகூட விடாமல் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

உன் அக்கா


மே 22

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

நிலையத்துச் சமையல் மாஸ்டர் எழுதிக்கொள்வது. நீங்களும் பெரியவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆனால் உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வருஷம் வந்த கடிதம் எல்லாவற்றையும் சாருக்குப் படித்துக் காட்டியது நான்தான்.

இன்றைக்குப் படகு வந்தது. உங்கள் கடிதமும் வந்தது. இதை மட்டும் தனியாகப் படித்தேன். சார் இங்கே இல்லை. முந்தாநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்.

கம்பத்தைப் பார்க்க ஆபீசர் ஒருவர் இந்தப் படகில் வருகிறார் என்று பத்தொன்பதாம் தேதி ஒயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் சார் மூட்டையை இழுத்து வாரை இறுக்கினார். அப்புறம், "மாஸ்டர், அவர் வந்தா என்னை அப்பவே படகுல ஏத்திடுவார். அக்கா அங்க மணியைக் கட்டிக்கிட்டு நிக்கும். நான் நாளைக்கே போறேன்" என்றார். நான் கூட வருகிறேன் என்றேன். ஒயர்லெஸ் பக்கத்தில் ஆள் இல்லாமல் போகக் கூடாது என்று விடவில்லை. "உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டே உயிரோட இருக்கேன், முனை என்னை என்ன பண்ணிடும்?" என்று சிரித்தார். குடிலுக்கு முன்னாலேயே போய் உங்களுக்காகக் காத்திருப்பதாகவும், கண் விஷயத்தை அங்கே தானே உங்களிடம் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். நீங்கள் கோபப்படுவீர்கள், ஆனால் அதற்குள் கடலைப் பார்த்துவிட்டிருப்பீர்கள் என்றார்.

போட்டோவில் பெரியவர் தலையில் பை இருப்பதை நான்தான் சொல்ல மறந்தேன். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் படிக்க, அவர் தட்டினார். தப்பு என்று தெரிந்தேதான் இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வெள்ளைத் தாள் போன அன்று நான் படகில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் பார்த்திருப்பேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை அம்மா. முனையில் தண்ணீர் எப்போது வற்றும் என்பது அச்சடித்த புத்தகத்தில் இருக்கிறது. எப்போதும் சாருக்கே மனப்பாடம். இருபத்தாறாம் தேதிக்கான நேரம் மட்டும்தான் மனசில் வைத்திருந்தார். திடீரென்று தேதி மாறியதால் இருபத்திரண்டாம் தேதிக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நான் பார்த்துச் சொன்னேன். கம்பத்து எண் பார்ப்பேனே தவிர, எனக்கு அந்தப் புத்தகம் பழக்கமில்லை. இன்றைக்கு ஆபீசர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் படித்தது துறைமுகத்துக்கான பக்கம் என்கிறார். முனைக்குப் பக்கம் வேறாம். நான் வற்றும் என்று சொன்ன நேரத்தில் முனையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்குமாம்.

ஆபீசர் ஒயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார். இந்தக் காற்றில் படகு முனைக்குக் கிட்டே போகாது என்கிறார்கள். முனைக்கான சரியான பக்கத்தை அவர் கையாலேயே எழுதி வாங்கி இதில் வைத்திருக்கிறேன். இதைக் குடில் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

சார் வந்து சேர்ந்தாரா? சேர்ந்திருந்தால் ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள் அம்மா.

இப்படிக்கு
மாஸ்டர்


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் ஒவ்வொரு கடிதத்தையும் ஆரம்பித்தேன். நீயும் நலம் என்றே எழுதினாய்.

கெட்டி மையில், பெரிசாகத்தான் எழுதுகிறேன். இதை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். நான் இல்லாத நேரத்தில் நீ வந்து சேர்ந்தால், கூட இருப்பவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல். இனிமேல் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நேற்று வந்தேன். குடிலின் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. தரையில் காற்று கொண்டுவந்த மணல் படிந்திருந்தது, அதில் ஒரு காலடி இல்லை. நாளைக்குத்தானே வருவாய் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பெருக்கினேன். பிறகு ஜீப் டிரைவர் தபால் பையை அவிழ்த்து, "உங்களுக்குத்தாம்மா" என்று மாஸ்டரின் கடிதத்தைக் கொடுத்தார். வழி முழுக்க அந்தப் பை என் காலடியில்தான் கிடந்தது. படித்ததும் நீ இங்கே வந்திருக்க வேண்டிய நாள் போய்விட்டது என்று தெரிந்தது. டிரைவர் ஆட்களைக் கூட்டிவர உடனே திரும்பிப் போயிருக்கிறார். "நாங்க வர்ற வரைக்கும் தண்ணிப் பக்கம் போயிடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

கடலைப் பார்த்துவிட்டேன், தம்பி. காலண்டரில் இருக்கிற மாதிரி இல்லை. சத்தம்தான் முதலில் வந்தது, அதற்கு நான் தயாராக இல்லை. இன்று விடிந்ததும் ஒரு மாதிரி ஈய நிறம், இப்போது பச்சை. தூரத்தில் முனை கறுப்பாக நிற்கிறது. நீ கேட்டபடி எல்லாவற்றையும் வாய்விட்டுத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து தொண்டை கட்டிவிட்டது.

கரையோரமாக நடந்தபோது நுரை ஒதுங்கிய இடத்தில் உன் கண்ணாடி கிடந்தது. தக்கை இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒரு கண்ணாடி போய்விட்டது, மற்றது நான் தேய்த்ததுதான், விளிம்பைத் தொட்டாலே தெரிகிறது. கயிற்று முடிச்சு அவிழவில்லை. குனியும்போது தலை வழியாக நழுவி விழுந்திருக்கும். நீ எப்போதுமே எதையும் தளர்வாகத்தான் மாட்டுவாய். துடைத்து என் பையின் முன் உறையில் வைத்திருக்கிறேன். உனக்கு அது பிரயோஜனமில்லை என்று தெரியும். இருந்தாலும் உன் பொருள்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அலுவலக வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேனே, அந்தக் காலின் மேல் அதைவிடக் கோபம் இருக்கிறது. அதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஆபீசர் எழுதிக் கொடுத்த பக்கத்தின்படி இன்று மத்தியானம் முனையில் தண்ணீர் விலகும். எந்த இடம், எந்த மாதம், எந்தத் தேதி என்று விரல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். குடில் இருக்கும் இந்தப் பக்கத்திலிருந்து நான் முனைக்குள் போகிறேன்.

சிவப்புப் பையைத்தான் மாட்டியிருக்கிறேன். மணியையும் கட்டிவிட்டேன். நடந்தால் ஓயாமல் அடிக்கிறது. அது காதில் விழுந்தால் நீ என் பக்கம் நடந்து வராதே. எங்கே இருக்கிறாயோ அங்கேயே அசையாமல் நில், நான் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா